இயற்கையும் தொழில்நுட்பமும்: சமகால ஓவியங்களைப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

பள்ளி ஓவியப் போட்டிகளில் தவறாமல் வந்துவிடும் படம் ஒன்று உண்டு. நடுவில் ஒரு மரம். அதன் இடப்பாதி பச்சை, வலப்பாதி பட்டுப்போனது. பச்சைப் பக்கம் பறவைகள் பறக்கும், மறுபக்கம் புகைபோக்கிகள் நிற்கும். இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றிடம் இயற்கையும் தொழில்நுட்பமும் என்ற தலைப்பில் படம் கேட்டாலும் ஏறக்குறைய அதே மரம்தான் வருகிறது. கிளைகளில் மட்டும் மின்சுற்றுக் கோடுகள் ஒளிரும். இரண்டுமே ஒரு நொடியில் புரிந்துவிடும். இரண்டாவது நொடியில் பார்ப்பதற்கு எதுவும் மிச்சம் இருக்காது.

இந்தப் பொருளை ஆழமாகத் தொட்ட ஓவியர்கள் படத்தின் நடுவே கோடு கிழித்து இந்தப் பக்கம் நல்லது, அந்தப் பக்கம் கெட்டது என்று பிரித்துவைப்பதில்லை. இயற்கையும் கருவியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் இடம் ஒன்று அவர்கள் படங்களில் இருக்கும். ஓவியரின் உழைப்பும் தயக்கமும் துணிச்சலும் அங்கேதான் குவிந்திருக்கும். அந்த இடத்தைக் கண்டுபிடிக்கக் கண்ணைப் பழக்குவதற்குத்தான் இந்த வழிகாட்டி. இதில் வரும் படங்களில் பலவற்றை அருங்காட்சியகங்களின் இணையதளங்களில் பெரிதாக்கிப் பார்க்கலாம். கைபேசியை விடக் கணினித் திரை நல்லது. பக்கத்தில் ஒரு தாளும் பென்சிலும் இருக்கட்டும்.

முதல் படி: மூன்று பத்திகள் போடுங்கள்

சமகால ஓவியத்துக்குள் போவதற்கு முன் பழைய படம் ஒன்றில் பயிற்சி செய்வது உதவும். லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கும், ஆங்கில ஓவியர் டர்னர் 1844-இல் காட்சிக்கு வைத்த ‘மழை, நீராவி, வேகம்’ என்ற படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தேம்ஸ் நதியின் மேல் மெய்டன்ஹெட் பாலத்தில் ஒரு ரயில் நம்மை நோக்கிப் பாய்ந்து வருகிறது. ரயில் என்பதே அன்று புதுமை.

தாளில் மேலிருந்து கீழாகக் கோடு போட்டு மூன்று பத்திகளாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் இயற்கையானவை, இரண்டாவதில் மனிதன் செய்தவை, மூன்றாவதில் எதிலும் சேராதவை. படத்தைப் பற்றி யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடாமல் ஐந்து நிமிடம் பார்த்து எழுதுங்கள்.

இரண்டாவது பத்தி எளிதாக நிரம்பும்: இன்ஜினின் கரிய புகைபோக்கி, பெட்டிகள், பாலம், ஆற்றில் ஒரு சிறு படகு, வலப்பக்கம் தொலைவில் ஒருவர் ஓட்டும் ஏர். முதல் பத்திக்கு ஆறும் வானமும் மழையும் போகும். அதோடு நிறுத்திவிடாதீர்கள். ரயிலுக்கு முன்னால், தண்டவாளத்தின் மேல், ஒரு முயல் ஓடிக்கொண்டிருக்கிறது. வண்ணப் பூச்சு காலப்போக்கில் மெலிந்துவிட்டதால் இன்று அது மிக மங்கலாகத்தான் தெரியும். பல அச்சுப் பிரதிகளில் தெரியவே தெரியாது. அது தப்பிக்குமா, அடிபடுமா என்று டர்னர் சொல்லவில்லை.

இனி மூன்றாவது பத்தி. மழை எங்கே முடிகிறது, நீராவி எங்கே தொடங்குகிறது? எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் எல்லை கிடைக்காது. வானத்திலிருந்து விழும் நீரும் கொதிகலனிலிருந்து கிளம்பும் நீரும் ஒரே வெண்பழுப்புப் பூச்சாகக் கலந்து கிடக்கின்றன. நான் சொல்லும் ஒட்டுமிடம் இதுதான். முயலைக் காணும் மகிழ்ச்சியை விட இந்த மழையும் நீராவியும் கலந்த பூச்சை அரை மணி நேரம் பார்ப்பது எனக்குப் பெரிது. எந்தப் படத்தின் முன் நின்றாலும் மூன்றாவது பத்தியில் என்ன எழுதினீர்கள் என்பதிலிருந்தே தொடங்குங்கள்.

இரண்டாம் படி: ஓவியர் எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறார் என்று கேளுங்கள்

நகரத்தில் வாழ்பவருக்கு இயந்திரம் பழகியது, காடு அதிசயம். காட்டோடு வளர்ந்தவருக்கு இது தலைகீழாகும். இந்த வேறுபாட்டைக் காட்ட பஜ்ஜு ஷியாமை விட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

பஜ்ஜு ஷியாம் மத்தியப் பிரதேசத்தின் பாட்டன்கர் கிராமத்தைச் சேர்ந்த, கோண்டு பழங்குடி மரபில் வரையும் ஓவியர். கோண்டு மரபைச் சுவரிலிருந்து தாளுக்கும் கேன்வாஸுக்கும் கொண்டுவந்த ஜங்கர் சிங் ஷியாமின் உறவினர், அவரிடமே வேலை கற்றவர். லண்டனில் ஓர் இந்திய உணவகத்தின் சுவர்களில் ஓவியம் தீட்டுவதற்காக அங்கே போய் இரண்டு மாதம் தங்கினார். திரும்பி வந்து தாம் பார்த்த லண்டனை வரைந்தார். சென்னையின் தாரா புக்ஸ் அதை 2004-இல் ‘தி லண்டன் ஜங்கிள் புக்’ என்ற நூலாக வெளியிட்டது. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அந்தப் படங்களில் விமானம் சிறகு முளைத்த யானை. அவ்வளவு பெரிய உடல் தரையை விட்டு எழும்புவது யானை பறப்பதைப் போன்ற அற்புதம் அல்லவா? அவரைத் தினமும் ஏற்றிச் சென்ற 30-ஆம் எண் பஸ் ஒரு விசுவாசமான நாய். சுரங்க ரயில் மண்புழு. கோண்டு கதைகளில் நிலத்துக்குக் கீழே ஓர் உலகம் உண்டு, அதற்கு மண்புழுவே அரசன். பிக் பென் மணிக்கூண்டு ஒரு சேவலோடு இணைந்து நிற்கிறது. கிராமத்தில் நேரம் சொல்வது சேவல், லண்டனில் நேரம் சொல்வது கடிகாரம்.

அந்தச் சேவல் படத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். ஒட்டுமிடம் சேவலின் கண். கடிகார முகமே கண்ணாக அமைந்திருக்கிறது. கண்ணையும் கடிகாரத்தையும் இணைத்தது வெறும் வட்ட வடிவம் அல்ல. இரண்டும் ஊரை எழுப்புபவை என்பதால் இணைந்தவை. கோண்டு ஓவியர் ஒவ்வொருவருக்கும் உருவங்களை நிரப்பத் தனக்கென்று ஒரு கோட்டு வடிவம் உண்டு, அதைக் கையெழுத்தைப் போலவே காப்பாற்றுவார்கள். இங்கே இறகுக்கும் கோபுரத்துக்கும் அதே சிறு கோடுகள் ஓடுகின்றன. இயந்திரத்தைக் கண்டு பயந்தோ மயங்கியோ வரைந்த கை இது அல்ல. தன் உலகத்தின் உயிரினங்களுள் ஒன்றாக அதைச் சேர்த்துக்கொண்ட கை.

இதை வெகுளித்தனம் என்று சிலர் கடந்துபோகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு பஸ்ஸை நாயாக வரைய, அந்த பஸ் மனிதனுக்கு என்ன உறவு என்று ஓவியர் யோசித்தாக வேண்டும். மின்சுற்று மரம் வரைபவர்கள் அந்தக் கேள்விக்கே போவதில்லை.

மூன்றாம் படி: படத்துக்குள் காலம் எந்தத் திசையில் ஓடுகிறது?

இந்தப் படி சற்று நீளமானது. காரணம், இதற்கு நான் எடுத்துக்கொள்ளும் படம் அவ்வளவு இடம் கேட்கிறது.

அமெரிக்க ஓவியர் அலெக்சிஸ் ராக்மன் 1962-இல் நியூயார்க்கில் பிறந்தவர். அவருடைய ‘பண்ணை’ என்ற படம் 2000-இல் வரையப்பட்டது. மனித மரபணுத் தொகுதியின் முதல் வரைவு முடிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்ட ஆண்டு அது. எட்டடி உயரமும் பத்தடி அகலமும் கொண்ட மரப்பலகையில் எண்ணெய் வண்ணமும் அக்ரிலிக்கும் சேர்த்துத் தீட்டியது. நியூயார்க் தெருவொன்றில் பெரிய விளம்பரப் பலகையாகவும் அது வைக்கப்பட்டது.

முதல் பார்வைக்கு அது ஒரு சோயா வயல். வரிசை வரிசையாகப் பயிர், பசு, பன்றி, கோழி. இடமிருந்து வலமாகக் கண்ணை நகர்த்துங்கள். இடப்பக்கம் இந்த விலங்குகளின் மூதாதை வடிவங்கள். வலப்பக்கம் போகப் போக, மனிதன் விரும்பியபடி அவை எப்படி ஆகக்கூடும் என்ற ஓவியரின் ஊகம். பசுவின் உடல் பெட்டி போலக் கனத்திருக்கிறது. பன்றியின் உடலுக்குள் மனித உறுப்புகள். கோழிக்குக் கூடுதல் சிறகுகள். ஒரு சுண்டெலியின் முதுகில் மனிதக் காது.

இங்கே எங்கே ஒட்டுமிடம் என்று கேட்டால், படம் முழுவதுமே என்பேன். இடப்பக்கத்து மூதாதைக்கும் நடுவில் நிற்கும் இன்றைய பசுவுக்கும் இடையில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதன் தேர்ந்தெடுத்துச் செய்த இனப்பெருக்கம் இருக்கிறது. இன்றைய பசுவே ஒரு தொழில்நுட்பத்தின் விளைவு. நாம் இயற்கை என்று பெருமூச்சு விடும் அந்த நடுப்பகுதியும் இயற்கை இல்லை. இதைச் சொல்ல ராக்மன் எங்கும் கோடு போடவில்லை. ஒரே வயல், ஒரே வெளிச்சம், ஒரே தூரிகை நேர்த்தி.

இந்த வகைப் படங்களில் அறிவியலைச் சரிபார்ப்பதும் பார்வையாளரின் வேலையே. காது முளைத்த சுண்டெலியை எடுத்துக்கொள்ளுங்கள். அது கற்பனை அல்ல. 1997-இல் அதன் புகைப்படம் உலகமெங்கும் பரவியது. மரபணு மாற்றத்தின் பயங்கரம் என்று பலர் அதை நினைத்தார்கள், இன்றும் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த எலிக்கு மனிதக் காதை வளர்க்கும் மரபணு எதுவும் செலுத்தப்படவில்லை. காது வடிவில் செய்த மக்கும் பாலிமர்ச் சட்டம் ஒன்றில் மாட்டின் குருத்தெலும்புச் செல்களை வளர்த்து, அதை எலியின் தோலுக்கு அடியில் வைத்தார்கள். அதில் மனிதத் திசுவே இல்லை. இது தெரிந்த பிறகு படத்தைப் பாருங்கள். படம் பொய்யாகிவிடாது. மரபணு, திசு வளர்ப்பு, பழைய கலப்பினப் பெருக்கம் எல்லாம் நம் மனத்தில் ஒரே அச்சமாகக் குழம்பிக் கிடப்பதை அந்த எலி காட்டத் தொடங்கும்.

பன்றியையும் பாருங்கள். 2000-இல் அது எதிர்காலம். 2022 ஜனவரியில் அமெரிக்காவின் பால்டிமோரில் மரபணு மாற்றம் செய்த பன்றியின் இதயம் ஒரு மனிதருக்குப் பொருத்தப்பட்டது. அவர் ஏறத்தாழ இரண்டு மாதம் உயிர் வாழ்ந்தார். படத்தின் வலப்பக்கத்திலிருந்து ஒரு துண்டு நடுப்பக்கத்துக்கு நகர்ந்துவிட்டது. இப்படிப்பட்ட படங்களுக்கு வரைந்த தேதியைப் பார்ப்பது அவசியம். வரைந்த நாளில் எது நடந்திருந்தது, எது ஊகம், அதற்குப் பின் எது நடந்தது என்று மூன்று வரி எழுதிப் பாருங்கள்.

நான்காம் படி: எதைக் கொண்டு வரைந்திருக்கிறார்கள்?

ஓவியத்தின் பக்கத்தில் இருக்கும் சிறு அட்டையில் பெயர், ஆண்டு, அளவு, ஊடகம் என்று நான்கு செய்திகள் இருக்கும். பலர் பெயரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இந்தப் பொருளில் ஊடகம்தான் பாதிக் கதை.

வெளியில் போய் இயற்கையை வரைவது என்பதே தொழில்நுட்பம் தந்த வசதி. 1841-இல் ஜான் காஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் மடக்கக்கூடிய தகரக் குழாயில் எண்ணெய் வண்ணத்தை அடைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் வண்ணத்தைப் பெரும்பாலும் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டிவைத்தார்கள், அது கசியும், காய்ந்துபோகும். குழாய் வந்த பிறகுதான் வயல்வெளியில் உட்கார்ந்து நாள் முழுக்க வரைவது எளிதானது. அக்ரிலிக்கோ பெட்ரோலிய வேதிப்பொருளிலிருந்து வருவது. புவி வெப்பமாதல் பற்றிய படம் ஒன்று அக்ரிலிக்கில் இருந்தால் அது அந்த எண்ணெய்க் கிணற்றோடும் தொடர்புடையதுதான். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, படத்தின் ஒரு பகுதியாகப் பார்க்கச் சொல்கிறேன்.

ராக்மன் இதை நன்றாக அறிந்தவர். வட அமெரிக்காவின் ஐம்பெரும் ஏரிகளைப் பற்றி ஐந்து பெரிய படங்கள் வரைந்தபோது, ஏரிக்கரைகளில் கிடைத்த மண்ணையும் மணலையும் கொண்டே அங்கு வாழும் உயிரினங்களைத் தனித்தனித் தாள்களில் வரைந்தார். மீனின் உருவமும் அதன் கரை மண்ணும் ஒரே பொருள். பெரிய படங்களுக்கு இனங்களின் பெயர்களைக் குறிக்கும் கோட்டு வரைபடக் குறிப்பும் உண்டு. அதைக் கடைசியில் பாருங்கள். முதலிலேயே பார்த்தால் பெயர் தேடுவதிலேயே நேரம் போய்விடும்.

மறுகோடியில் பிரிட்டிஷ் ஓவியர் டேவிட் ஹாக்னி. 2010-இல் ஐபேட் வந்தது. 2011 ஜனவரி முதல் இங்கிலாந்தின் கிழக்கு யார்க்‌ஷயரில், வோல்ட்கேட் என்ற நாட்டுச் சாலையில் வசந்தம் வருவதை அவர் ஐபேடில் வரையத் தொடங்கினார். படங்களுக்குத் தேதியே தலைப்பு. 51 ஐபேட் படங்களைப் பெரிதாக அச்சிட்டு, 32 கேன்வாஸ்கள் சேர்ந்த ஒரு பேரோவியத்தோடு 2012-இல் லண்டன் ராயல் அகாடமியில் காட்சிக்கு வைத்தார்.

ஏன் ஐபேட்? வசந்தம் காத்திருக்காது. எண்ணெய் வண்ணம் காய்வதற்குள் மொட்டு விரிந்துவிடும். திரைக்குத் தன்னொளி உண்டு, விடியுமுன் இருட்டிலும் வரையலாம். தண்ணீரும் துணியும் வேண்டாம். இந்த அச்சுப்படங்களை நெருங்கிப் பார்த்தால் வண்ணத்துக்குத் தடிப்பே இல்லை. புல் என்று தெரிந்தது, ஒரே மாதிரியான தடம் பலமுறை விழுந்ததாக இருக்கும். ஒளி ஊடுருவும் பச்சை மேல் இன்னொரு பச்சை தட்டையாகப் படிந்திருக்கும். சில இடங்களில் அந்தத் தட்டைத்தன்மை எனக்குக் குறையாகவே படுகிறது, ஈர மண்ணின் கனம் அதில் வரவில்லை. ஆனால் ஜனவரியின் வெற்றுக் கிளையிலிருந்து கோடையின் தழை வரை வரிசையாகப் பார்த்தால், காலத்தைப் பிடிக்க அந்தக் கருவி கொடுத்த வேகம் தெளிவாகத் தெரியும். தொழில்நுட்பம் இந்தப் படங்களில் எங்கும் வரையப்படவில்லை. ஆனால் அது இல்லாமல் இவை இல்லை.

ஐந்தாம் படி: கோட்டைப் போட்டது யார்?

கருவி மனிதக் கையின் நீட்சியாக இருப்பது ஒன்று, கருவியே முடிவெடுப்பது வேறு. ஹெரால்ட் கோஹன் இந்த இரண்டாவது கேள்வியோடு வாழ்நாளைக் கழித்தவர். 1966-இல் வெனிஸ் பினாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் பிரிட்டன் சார்பில் கலந்துகொண்ட ஓவியர். 1968-இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்துக்குப் போனவர், அங்கே கணினி நிரலெழுதக் கற்றார். 1970-களில் ‘ஆரன்’ என்ற நிரலை உருவாக்கி, 2016-இல் இறக்கும் வரை அதை வளர்த்துக்கொண்டே இருந்தார். தொடக்கத்தில் தரையில் ஊர்ந்து கோடு போடும் சிறு எந்திரம் அதன் கை. பல ஆண்டுகள் ஆரன் கோட்டைப் போட, வண்ணத்தைக் கோஹனே தீட்டினார். 1990-களில் வண்ணம் கலந்து தீட்டும் எந்திரமும் வந்தது.

ஆரனின் செடிகளைத் தேடிப் பாருங்கள். ஆரனுக்கு எந்தச் செடியின் படத்தையும் கோஹன் காட்டவில்லை. தண்டு உயர உயர எவ்வளவு மெலியும், கிளை எத்தனை முறை பிரியும், இலைகள் எப்படிக் கொத்தாக அமையும் என்ற விதிகளை மட்டும் கொடுத்தார். அந்த விதிகளிலிருந்து ஒவ்வொரு முறையும் புதிய செடி முளைக்கும். ஒட்டுமிடம் கிளை பிரியும் கணு. தாவரத்தின் வளர்ச்சியும் நிரலின் கட்டளையும் அங்கே ஒரே செயல்.

இன்றைய படக் கருவிகள் வேறு வகை. கோடிக்கணக்கான படங்களிலிருந்து அவை கற்கின்றன. அந்தப் படங்களை வரைந்தவர்களிடமும் எடுத்தவர்களிடமும் பெரும்பாலும் அனுமதி கேட்கப்படவில்லை. இத்தகைய படத்தைப் பார்த்தால் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இதில் மனிதர் எந்த முடிவை எடுத்தார்? கருவி எதிலிருந்து கற்றது? ஓவியரால் பதில் சொல்ல முடிந்தால் படத்தோடு நேரம் செலவிடலாம்.

ஆறாம் படி: அளவுக்கு மரியாதை கொடுங்கள்

ராக்மனின் இன்னொரு படமான ‘மேனிஃபெஸ்ட் டெஸ்டினி’ (2004) எட்டடி உயரம், 24 அடி அகலம். வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. பல நூற்றாண்டுகளுக்குப் பின் கடல் ஏறி மூழ்கிய புரூக்ளின் கரை, சிதைந்த பாலம், தண்ணீருக்கு அடியில் மனிதன் விட்டுப்போன கட்டுமானங்கள், அவற்றினூடே வெப்ப நீர் உயிரினங்கள். மனிதர் யாரும் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில், கண்டம் முழுவதும் தங்களுக்கே விதிக்கப்பட்டது என்று நம்பிய அமெரிக்கர்களின் முழக்கம்தான் இந்தத் தலைப்பு. அந்தக் கால நிலக்காட்சி ஓவியங்களில் வெற்றியின் அடையாளமாக வந்த பொன்னிற வானத்தையே மூழ்கிய நகரத்தின் மேல் ராக்மன் விரித்திருக்கிறார்.

கைபேசியில் இது ஆரஞ்சுப் பட்டையாகத் தெரியும். அளவை உணர வழி உண்டு: வீட்டுச் சுவரில் எட்டடிக்கு 24 அடி அளந்து (சுவர் போதாவிட்டால் மொட்டை மாடியில்) சுண்ணக்கட்டியால் குறியிடுங்கள். பிறகு திரையில் படத்தைத் துண்டு துண்டாகப் பெரிதாக்கி, ஒவ்வொரு துண்டும் அந்தச் சட்டத்தில் எங்கே வரும் என்று நின்று பாருங்கள். நீர்மட்டக் கோடு உங்கள் உடம்பில் எந்த உயரத்தில் வருகிறது என்பதைக் கவனியுங்கள்.

ஏழாம் படி: நீங்களே ஒன்று வரையுங்கள்

வரையத் தெரியாதவர்களும் இதைச் செய்யலாம். உலகம் முழுவதையும் ஒரு தாளில் அடக்க முயலாதீர்கள். உங்கள் ஊரில் ஒரே ஓர் ஒட்டுமிடத்தைத் தேடுங்கள். நகரத்துக் காகம் சுள்ளிகளோடு கம்பித் துண்டுகளையும் சேர்த்துக் கூடு கட்டும், மொட்டை மாடியிலிருந்தே பார்க்கலாம். குமரி மாவட்டத்து முப்பந்தல் பக்கம் போனால் காற்றாலைகளும் பனைகளும் ஒரே காற்றில் நிற்கின்றன. சொட்டுநீர்க் குழாயின் துளைக்குக் கீழே மட்டும் பச்சை பிடித்திருக்கும் செம்மண் இன்னொன்று.

அந்த இடத்திலேயே உட்கார்ந்து வரையுங்கள், புகைப்படம் வேண்டாம். காலை, உச்சி, மாலை என்று மூன்று வேளையும் அதே இடம். முதல் படத்தில் முழுக் காட்சி இருக்கட்டும், இரண்டாவதில் பாதி, மூன்றாவதில் ஒட்டுமிடம் மட்டும். கம்பியும் சுள்ளியும் பின்னிக்கொள்ளும் அந்த ஒரு பிடியளவு இடத்தை முழுத்தாளில் வரையும்போது, எது வளைந்து கொடுக்கிறது, எது வளைக்கப்படுகிறது என்று பென்சில் உங்களைக் கேட்கும். வண்ணம் வேண்டுமானால் அந்த இடத்து மண்ணைச் சலித்து, வேப்பம் பிசினைக் கரைத்த நீரில் குழைத்துப் பூசிப் பாருங்கள்.

முடித்ததும் தலைப்பு சொல்லாமல் யாரிடமாவது காட்டுங்கள். பார்த்த உடனேயே இது சுற்றுச்சூழல் விழிப்புணர்வுப் படம் என்று சொல்லிவிட்டால், மூன்றாவது தாளை எடுத்துக்கொண்டு மறுபடியும் அந்த இடத்துக்குப் போங்கள். இது கம்பியா, குச்சியா என்று கேட்டு அவர் தாளைக் கண்ணருகே கொண்டுபோனால், அந்தப் படத்தை வைத்துக்கொண்டு அடுத்ததைத் தொடங்கலாம்.